ஆள் மாறும் உயிரணுக்கள்

“தம்பி, நீதான் பல்கலைக்கழகத்துல இதைப் படிக்கிறியே. மறுபடியும் ஊசி குத்திச் சதை எடுக்கணுங்கிறாங்க. குத்தினா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்க, உண்மையா?”

கிள்ளானிலிருந்து மாமா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அத்தைக்கு நுரையீரல் புற்றுநோய். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டவர் அல்லர். புகைக்காத ஆசியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் இ.ஜி.எப்.ஆர். மரபணு மாற்றம் அவருக்கும் இருந்தது. நாளுக்கொரு மாத்திரையில் ஓராண்டுக்கு மேல் நன்றாகவே நடமாடினார். பிறகு கட்டி மறுபடியும் வளர்ந்தது. மருத்துவர் மீண்டும் திசுச் சோதனை வேண்டுமென்றார். குடும்பம் தயங்கியது.

அதற்கு முதல் நாள்தான் படியெடுப்புக் காரணிகளைப் பற்றித் தேர்வு எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதிய எனக்கு, தமிழில் மாமாவிடம் நான்கு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. “டாக்டர் சொல்றத கேளுங்க மாமா” என்று முடித்துவிட்டேன். மூன்று வாரம் கழிந்தது.

அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். கண்ணும் கல்லீரலும் வேறுபடுவது, அத்தொகுதியில் எந்தப் பக்கத்தைப் படிப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான். அதை முடிவு செய்வதில் முக்கியப் பங்கு படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்களுக்கு. மனிதனிடம் சுமார் 1,600 உண்டு. இவை டி.என்.ஏ.யில் தமக்குரிய இடத்தைத் தேடி ஒட்டிக்கொண்டு, மரபணுக்களை இயக்குகின்றன, அல்லது அடக்குகின்றன. 1987இல் ஹெரால்டு வெயின்ட்ராப்பின் ஆய்வுக்கூடத்தில் மயோ-டி என்ற ஒரே காரணியைச் செலுத்தியதும் இணைப்புத்திசு உயிரணு தசை உயிரணுவாக மாறியது. (அந்த அறிஞரையே 1995இல், 49 வயதில், மூளைப் புற்றுநோய் கொண்டுபோனது.) 2006இல் ஷின்யா யமனாகா நான்கு காரணிகளைக் கொண்டு எலியின் முதிர்ந்த உயிரணுவைக் குருத்தணுவின் நிலைக்குத் திருப்பினார். நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயைத் தூண்டும் மரபணுவாக முன்பே பெயரெடுத்தது. இதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

நம் வீடுகளில் புற்றுநோய் என்றால் ‘கட்டி’, ‘வளருது’, ‘வேரோட புடுங்கணும்’ என்ற பேச்சுத்தான். அது பாதி உண்மை. உயிரணு தான் யார் என்பதை மறப்பதும், வேறு ஆளாக மாறுவதும் அந்நோயின் மறுபாதி. அத்தையின் நோய் போன்றவற்றில், மாத்திரைக்குத் தப்பும் கட்டிகளில் ஒரு சிறு பகுதி, சிற்றணுப் புற்றுநோய் என்னும் வேறு வகையாகவே மாறிவிடும். பெரும்பாலும் ஆர்.பி.1, டி.பி.53 ஆகிய இரு காவல் மரபணுக்களும் இழந்த நிலையில் இது நடக்கிறது. நரம்புசார் உயிரணுக்களுக்குரிய ஏ.எஸ்.சி.எல்.1 போன்ற காரணிகள் தலைமை ஏற்கின்றன. பழைய இ.ஜி.எப்.ஆர். மாற்றம் அப்படியே இருக்கும். ஆனால் உயிரணு அதை நம்பி வாழ்வதில்லை. பிறகு மாத்திரை எதைத் தடுக்கும்? மருந்தையே மாற்ற வேண்டும். இரத்தச் சோதனை மரபணு மாற்றத்தைக் காட்டலாம். உயிரணுவின் உருவத்தைக் காட்டாது. அதற்குத்தான் ஊசி. ஊசி வழியே புற்று பரவுவது மிக மிக அரிது. இவ்வளவுதான் மாமா கேட்டது.

இந்த ஆள்மாற்றம் எப்போதும் நமக்கு எதிராகவே நடப்பதில்லை என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கலாம். இரத்தப் புற்றில் ஒரு வகை உண்டு. அதில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டுவதால் பிறழ்ந்த காரணி ஒன்று பிறக்கிறது; வெள்ளணுக்களை முதிரவிடாமல் தடுக்கிறது. ஷங்காயில் வாங் சென்யி குழுவினர் வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தனர். 1988இல் வெளிவந்த அவர்களது அறிக்கையில் 24 நோயாளிகளுக்கும் நோய் முழுமையாகத் தணிந்தது. அவர்களில் 23 பேருக்கு அந்த மருந்து மட்டுமே போதுமானதாக இருந்தது. உயிரணுக்களை நஞ்சிட்டுக் கொல்வதற்குப் பதிலாக முதிரச் செய்தார்கள்! பின்னர் ஆர்செனிக்கும் சேர்ந்தது. 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், அபாயம் குறைந்த நோயாளிகளுள் 97 விழுக்காட்டினர் ஈராண்டுக்குப் பின்னும் நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவின்றியும் இருந்தனர். ஒரு காலத்தில் சில நாள்களில் உயிரைப் பறித்த நோய் அது.

‘நோயாளிக்கு இதெல்லாம் எதற்கு, மருந்தைச் சொன்னால் போதாதா?’ என்று விடுதியில் நண்பர் ஒருவர் வாதிட்டார். நான் ஏற்கவில்லை. மறுப்பவர் முட்டாள் அல்லர். தன்னிடம் உள்ள படத்தை வைத்துக்கொண்டு நியாயமாகவே மறுக்கிறார். வேர் என்று நினைப்பவர் அதைக் குத்திக் கிளற அஞ்சத்தானே செய்வார்? படத்தை மாற்றும் வேலை, மருத்துவரின் பத்து நிமிடத்தில் முடியாது. தமிழும் உயிரியலும் தெரிந்த நம்மைப் போன்றோர் தலையில்தான் அது விழுகிறது. கலைச்சொல் பட்டியல் போட்டு அச்சடிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிவியல் மாணவர்களைத் தம் வீட்டுப் பெரியவர்களுக்கு முன் நிறுத்திப் பேச வைக்கக் கழகம் முன்வரலாம். பேச்சுப் போட்டிக் கோப்பையைவிட அது கடினம். நான் தோற்றதே அங்குதான்.

கடைசியில் சோதனை நடந்தது. சிற்றணு வகைதான். மருந்து மாற்றப்பட்டது, கட்டி சுருங்கியது, ஐந்து மாதம். தீபாவளிக்கு அத்தை முறுக்கு சுட்டார். அந்த மூன்று வாரத்தைப் பற்றி மாமா இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.