அடைபட்ட சாலையும் அமானிதமும்

பாதையில் கிடக்கும் இடையூறு தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது நம் பிள்ளைகள் மதரஸாவில் முதன்முதலாகக் கற்கும் ஹதீஸ்களில் ஒன்று. அவ்வாறிருக்க, ஒரு பெருஞ்சாலையை மணிக்கணக்கில் அடைத்து வைப்பது நீதிக்கு உகந்த செயலாக இருக்க இயலுமா?

இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் பயணம் செய்த நம்மவர்கள் இதனை அனுபவித்திருப்பர். உயிரிழப்பு நேர்ந்த விபத்தெனில், காயமுற்றோரை மருத்துவமனைக்கு அனுப்பிய பின்னரும் காவல்துறையினர் சாலையைத் திறந்துவிடுவதில்லை. நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம், சில வேளைகளில் அதற்கு மேலும் வாகனங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். விமானத்தைத் தவறவிட்டவர், பசித்தழும் குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய், அஸர் நேரம் கடந்துவிடுமோ எனச் சாலையோரத்தில் விரிப்பை விரிப்பவர் எனப் பலரும் அதில் அகப்படுவர். "போனவர் போய்விட்டார், இருப்பவர்களை ஏன் வதைக்கிறார்கள்?" என்ற முணுமுணுப்பும் எழும்.

அந்நேரத்தில் அங்கே நடப்பது வீண்வேலையன்று. சக்கரம் இழுபட்ட தடம், தாரில் இரும்பு கீறிய வடு, கண்ணாடித் துண்டுகள் சிதறிய பரப்பு, வண்டி இறுதியாக வந்து நின்ற இடம் ஆகிய யாவும் அளக்கப்படுகின்றன. சாலையின் உராய்வுத் தன்மையும் சோதிக்கப்படுகிறது. அவ்வுராய்வு 0.7 எனக் கொண்டால், 30 மீட்டர் நீளத்திற்குத் தடம் பதித்து நின்ற வண்டி, தடை பிடித்தபோது மணிக்குச் சுமார் 73 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது எனக் கணக்கிட்டுவிடலாம். சாட்சிகள் மாற்றிச் சொல்லலாம். தடம் மாற்றிச் சொல்லாது. ஆனால் ஒரு மழை பெய்தாலோ, சில நூறு வண்டிகள் அதன்மீது ஓடினாலோ, அது அழிந்து போகும். பிறகு எவ்வளவு செலவிட்டாலும் அதனை மீட்க இயலாது.

மரணித்தவர் எழுந்துவந்து தம் நியாயத்தைச் சொல்லப் போவதில்லை. உயிர் தப்பிய ஓட்டுநரும் ஒரு தாயின் பிள்ளைதான். செய்யாத பிழைக்கு அவர் சிறை செல்வதும் அநீதியே. தீர விசாரியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துவிட வேண்டாமென அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறதன்றோ? அச்சாலையில் கிடப்பவை, இவ்விருவருக்கும் உரிய அமானிதம்.

காத்து நிற்பவர்களுக்கும் உரிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அக்கூட்டத்தில் நோயாளியும் இருக்கக்கூடும். இதனை உணர்ந்தே, 2011-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு லேசர் அளவைக் கருவிகள் வாங்கக் காவல்துறையினருக்கு 27 லட்சம் பவுண்டு வழங்கியது. விபத்து நடந்த இடத்தை இலட்சக்கணக்கான புள்ளிகளாகச் சில நிமிடங்களில் பதிவு செய்துவிடும் கருவி அது. உண்மையையும் கைவிடாமல் வழியையும் விரைவில் திறக்க முயல்வதே முறை.

நம் நாட்டில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. வண்டிகளை ஓரமாக இழுத்துப் போட்டு, இரத்தத்தின் மீது மணலைத் தூவி, சற்று நேரத்தில் போக்குவரத்தைச் சீராக்கிவிடுகிறோம். அதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு! அதன்பின் எழுதப்படும் பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் நம்பித்தான் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடைபெறுகிறது. "இறந்தவர் மீதும் தவறுண்டு" என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதிடும்போது, இல்லை என நிரூபிக்கத் தடயம் ஏது? நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் பெண் அதனைத் தேடிச் செல்ல இயலுமா? எத்தீமைகளுக்குமிடையே அநாதைகளின் பங்கு குறைவதே மிகக் கொடிது.

1.4.2022 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதிகள், விசாரணை அதிகாரி உடனே இடத்தைப் பார்வையிட்டுப் புகைப்படம் எடுக்க வேண்டும், அளவு பிசகாத வரைபடம் வரைய வேண்டும், 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும் எனப் பணிக்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஏட்டில் நன்றாகவே இருக்கிறது. தத்தம் ஊரில் இது நடக்கிறதா என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் காவல் நிலையத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

விபத்தைக் காண நேர்ந்தால், முதலில் உயிரைக் காக்க வேண்டும்; அதில் இரு கருத்துக்கு இடமில்லை. அதன்பின், வண்டிகளை நகர்த்துமுன் கைப்பேசியில் நான்கு புறமிருந்தும் படமெடுத்துக் கொள்ளலாம். மைல்கல்லோ மின்கம்பமோ படத்தில் விழுவது நலம். "போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமே" என அஞ்சுவோருக்கு ஒரு செய்தி: உதவி செய்பவரைப் பெயர் சொல்லுமாறு வற்புறுத்தலாகாது என்பது, 2019-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவின் கீழ் வந்த விதி.

முதல் விபத்து அறிக்கையின் நகல் பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கும் உரியது. இத்தாவில் இருக்கும் சகோதரிக்காக அவருடைய தந்தையோ சகோதரரோ, எவரும் இல்லையெனில் ஜமாஅத்தோ, அதனைத் தாமதமின்றிக் கேட்டுப் பெற்று வைக்க வேண்டும்.