சொந்தத் தாழ்ப்பாள்

முதுமை என்றதும் பிள்ளைகளின் நன்றிகெட்டதனத்தையே பேசிப் பழகிவிட்டோம், வாடகையைப் பேசுவதில்லை. அமெரிக்காவின் 1959ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் 202ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. அதன்கீழ் அரசுப் பணத்தில் இலாப நோக்கற்ற அமைப்புகள் வீடு கட்டுகின்றன. 62 வயது நிறைந்த, வருவாய் குறைந்த முதியவர்க்குத் தனிக் குடியிருப்பு. சொந்த அடுப்பு, சொந்தத் தாழ்ப்பாள்! வாடகை, சில கழிவுகள் போக எஞ்சும் வருமானத்தில் 30 விழுக்காடு. ஓய்வூதியம் சிறிதெனில் வாடகையும் சிறிது, மருந்துக்கு மிஞ்சும்.

2012 முதல் சில ஆண்டுகள் புதிய கட்டடங்களுக்கு நிதி தராமல் நிறுத்திவைத்தார்கள். (முதுமையை நிறுத்திவைக்க இயலவில்லை போலும்.) பின்னர் மீண்டும் தந்தார்கள், ஆயினும் இடம் வேண்டி ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பலர். எண்பது வயதினரை வரிசையில் நிறுத்துவது கொடுமை. ஆண்டுதோறும் தடையின்றி நிதி ஒதுக்கவேண்டும் என்பதே எம் கருத்து.