டிவிஎஸ் டோல்கேட்டில் டோல் இல்லை, லெட்சுமணப்பட்டியில் இருக்கிறது: சும்மா போன ரோட்டுக்கு ஏன் காசு கட்டுகிறோம்?

திருச்சியில் புதுக்கோட்டை பஸ் பிடிக்கிறவர்களுக்கு டிவிஎஸ் டோல்கேட் என்பது வெறும் ஸ்டாப் பெயர். அங்கே டோலும் இல்லை, கேட்டும் இல்லை. காசு கட்ட வேண்டிய இடம் ஏர்போர்ட்டைத் தாண்டி, மாவட்ட எல்லைக்குள் வந்த பிறகு இருக்கும் லெட்சுமணப்பட்டி. அப்படியே புதுக்கோட்டையைக் கடந்து திருமயம், காரைக்குடி என்று போனால் லெம்பலக்குடியில் இன்னொன்று. மதுரை ரோட்டில் விராலிமலை பக்கம் போகிறவர்களுக்கு பூதக்குடி.

(ஏப்ரல் மாதக் கட்டண உயர்வுப் பட்டியலில் 'புதுக்கோட்டை' என்று ஒரு பெயர் வருமே, அது நம்ம ஊர் இல்லை. தூத்துக்குடி பக்கம் வாகைக்குளத்தில் இருக்கும் சுங்கச்சாவடி. வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் இந்தக் குழப்பம் ஓடும்.)

போன முறை ஊருக்குப் போகும்போது லெட்சுமணப்பட்டியில் கார் நிற்கக்கூட இல்லை. போனில் 'டிங்' என்று மெசேஜ் மட்டும் வந்தது. பக்கத்தில் இருந்த அப்பா கேட்டார்: "இந்த ரோட்டுல நான் சைக்கிள்லயே திருச்சி போயிருக்கேன். அப்ப யாரும் காசு கேக்கல. இப்ப மட்டும் எதுக்குப்பா?"

ஃபாஸ்டேக் வந்த பிறகு இந்தக் கேள்வியையே நாம் மறந்துவிட்டோம். கையிலிருந்து நோட்டு போனால் கோபம் வரும். வாலட்டிலிருந்து போனால் வருவதில்லை. அப்பாவின் கேள்விக்குப் பதில் தேடினேன். சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. ஆனால், அது பாதிப் பதில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய நெடுஞ்சாலையில் கட்டணம் வாங்கும் அதிகாரம் 1956-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 7-வது பிரிவிலிருந்து வருகிறது. எவ்வளவு, எங்கே, யாரிடம் என்பதை 2008-ம் ஆண்டின் கட்டண விதிகள் சொல்கின்றன. இதன்படி ஒரு இலவச ரோடு கட்டண ரோடாக மாற, அது புதிய ரோடாக இருக்கத் தேவையில்லை. இருக்கிற ரோட்டை மேம்படுத்தினாலே போதும். வேலை முடிந்த 45 நாட்களுக்குள் வசூல் தொடங்கிவிடலாம்.

கட்டண ரோடு என்றதும் நம் மனதில் வருவது நடுவில் தடுப்பு வைத்த நான்குவழிச் சாலைதான். திருச்சி - மதுரை அப்படிப்பட்டது. ஆனால், திருச்சி - புதுக்கோட்டை - காரைக்குடி ரோடு பெரும்பாலும் இருவழிச் சாலை. பழைய எண் 210 காலத்து ரோட்டின் ஓரங்களை அகலப்படுத்தி, தார் போட்டு உருவாக்கியது. முன்னால் ஜல்லி லாரி போனால் எதிரே வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துத்தான் இன்றைக்கும் ஓவர்டேக் செய்ய வேண்டும். இதற்கும் டோலா? ஆமாம். இருவழிச் சாலையில் கிலோமீட்டருக்குச் சராசரியாக 1 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து மேம்படுத்தியிருந்தால், நான்குவழிச் சாலைக் கட்டணத்தில் 60 சதவீதம் வாங்கலாம் என்று 2008 விதிகள் இடம் கொடுத்தன.

கணக்கு இப்படி: நான்குவழிச் சாலையில் காருக்கு 2007-08 அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்கு 65 காசு. அதில் 60 சதவீதம் 39 காசு. 50 கிலோமீட்டர் நீளத்துக்கு 19 ரூபாய் 50 காசு. பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் 3 சதவீத உயர்வு நிச்சயம். அதோடு மொத்த விலைக் குறியீடு ஏறும் அளவில் 40 சதவீதமும் சேரும். கடைசியில் 5 ரூபாயின் மடங்குக்கு ரவுண்டு செய்வார்கள். 'ஏன் எப்போதும் 5 ரூபாய், 10 ரூபாயாகவே ஏத்துறாங்க?' என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த ரவுண்டுதான்.

'60 கிலோமீட்டருக்கு ஒரு டோல்தானே விதி, நம்ம ஏரியாவில் எப்படி அடுத்தடுத்து?' என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஒரே திசையில் 60 கிலோமீட்டருக்குள் இன்னொன்று கூடாது என்பது பொது விதி. ஆனால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு நெருக்கமாகவும் அமைக்கலாம் என்று விதிவிலக்கும் இருக்கிறது. ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்தந்தச் சாவடிக்கு ஒதுக்கிய நீளத்துக்குத்தான் கட்டணம். இரண்டு இடத்தில் நிறுத்துவதாலேயே இரண்டு மடங்கு வாங்குகிறார்கள் என்று அர்த்தமில்லை.

பிரச்சினை டோல் அல்ல, வேறு வழி இல்லாததுதான்

டோலே கூடாது என்று சொல்ல நான் தயாராக இல்லை. ரோடு போட, பராமரிக்கப் பணம் வேண்டும். அந்த ரோட்டை வருஷத்துக்கு ஒரு முறைகூடப் பயன்படுத்தாத ஆவுடையார்கோவில்காரர் அதற்கு ஏன் வரி கட்ட வேண்டும், பயன்படுத்துகிறவர் கட்டட்டும் என்பது சரியான வாதம்தான். பெட்ரோல், டீசல் விலையிலேயே சாலைக்கான செஸ் இருக்கிறது, வண்டி வாங்கும்போது வாகன வரியும் கட்டுகிறோம் என்பது அதற்கு எதிர்வாதம். இரண்டிலும் உண்மை உண்டு.

ஆனால், 'பயன்படுத்துகிறவர் கட்டட்டும்' என்பதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பயன்படுத்தாமல் இருக்கவும் வழி இருக்க வேண்டும். பிரான்ஸில் ஆட்டோரூட் என்னும் விரைவுச் சாலைகளில் பெரும்பாலானவை கட்டணச் சாலைகள்; பழைய தேசியச் சாலைகள் பக்கத்திலேயே இலவசமாக ஓடுகின்றன. அவசரமா, காசு கட்டு. இல்லையா, பழைய ரோட்டில் போ. நம் மாவட்டத்தில் நடந்தது வேறு. புது ரோடு போட்டு அதற்குக் காசு கேட்கவில்லை. பழைய ரோட்டையே அகலப்படுத்தி அதன் நடுவில் சாவடி கட்டினார்கள். கீரனூர்க்காரர் திருச்சி அரசு மருத்துவமனைக்குப் போக வேறு எந்த நேர்வழி இருக்கிறது? குறுக்கு ரோடுகளில் சுற்றினால் டீசல் செலவு டோலைத் தாண்டிவிடும்.

சொல்லப்போனால் விதிகளுக்கே இது தெரியும். உள்ளூர்ச் சலுகைகளைச் சொல்லும் இடத்தில், சர்வீஸ் ரோடோ மாற்று வழியோ இருந்தால் சலுகை கிடையாது என்கின்றன. அதாவது, மாற்று வழி இல்லாத உள்ளூர்க்காரருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அந்த 'ஏதாவது' போதுமா என்பதுதான் கேள்வி.

20 கிலோமீட்டர் வட்டம்

பைக், ஆட்டோ, டிராக்டருக்கு டோல் இல்லை. "அப்புறம் என்ன, கார் வச்சிருக்கவன் கட்டட்டுமே" என்று சிலர் கேட்கலாம். கீரமங்கலம் பூவும் வடகாடு பலாவும் திருச்சி மார்க்கெட்டுக்கு பைக்கில் போவதில்லை, குட்டி யானையில் போகின்றன. அரசு பஸ்ஸும் டோல் கட்ட வேண்டிய வண்டிதான். போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாயை எட்டியதால், கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய 4 சாவடிகளில் அரசு பஸ்களை அனுமதிக்கக் கூடாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது நினைவிருக்கும். கார் இல்லாதவரும் கடைசியில் இந்தக் கணக்குக்குள் வருகிறார்.

சரி, சலுகைகளுக்கு வருவோம். இந்தப் பகுதியை மட்டுமாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால், சொந்த உபயோகக் காருக்கு மாத பாஸ் உண்டு. 2007-08-ல் 150 ரூபாய் என்று தொடங்கியது, 2025-26-ல் 350 ரூபாய். மாதம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்.

நேஷனல் பெர்மிட் இல்லாத வணிக வாகனம், சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவாகியிருந்தால் கட்டணத்தில் பாதிதான். புதுக்கோட்டை என்றால் டிஎன் 55. குட்டி யானை ஓட்டும் பல பேருக்கு இது தெரியாது. திருச்சியில் செகண்ட் ஹேண்டில் வாங்கி டிஎன் 45 நம்பரிலேயே ஓட்டுகிறவருக்கு, அவர் ஆலங்குடியிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், இந்தச் சலுகை கிடையாது.

24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரண்டு முறைக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். 2025-ல் ஃபாஸ்டேக் இல்லாமல் போனால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு என்றிருந்தது; 2025 நவம்பர் 15 முதல் யூபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

இனி, பெரிதாக விளம்பரம் செய்யப்பட்ட அந்த வருடாந்திர பாஸ். 2025 ஆகஸ்ட் 15-ல் வந்தது: 3,000 ரூபாய், 200 முறை அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. ஒரு முறைக்கு 15 ரூபாய், கேட்க நன்றாக இருக்கிறது. சென்னையிலிருந்து தீபாவளி, பொங்கலுக்கு வரும் என்னைப் போன்றவர்களுக்கு லாபமும்கூட. ஆனால், தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை. 100 வேலை நாளில் பாஸ் தீர்ந்துவிடும். மாதம் 25 நாள் என்றால் 4 மாதம். ஆக 2025-26 கணக்கில் மாதத்துக்கு 750 ரூபாய். 19-வது கிலோமீட்டரில் வீடு இருப்பவர் 350 ரூபாயில் முடிக்கிறார், 21-வது கிலோமீட்டரில் இருப்பவர் இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறார். இருவருக்கும் ஒரே ரோடு, ஒரே ஆபீஸாகக்கூட இருக்கலாம்.

வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும். புதுக்கோட்டை மாதிரி மாவட்டத்தில் 'உள்ளூர்' என்பது 20 கிலோமீட்டரில் முடிவதில்லை. ஏர்போர்ட், பெரிய ஆஸ்பத்திரி, பல காலேஜ்கள், வேலை எல்லாமே திருச்சியில். அந்தத் திசையில் 40 கிலோமீட்டரும் நமக்கு உள்ளூர்தான்.

குழிக்கும் காசா?

திருச்சூர் அருகே பாலியக்கரையில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். இடப்பள்ளி - மண்ணுத்தி நெடுஞ்சாலையில் வேலை நடந்து, ரோடு குண்டும் குழியுமாகி, மணிக்கணக்கில் நெரிசல். 2025 ஆகஸ்ட் 6-ல் கேரள உயர் நீதிமன்றம் டோல் வசூலை நிறுத்திவைத்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. அங்கேயும் தோற்றது. வரி கட்டிய குடிமக்களைக் குழிகளில் ஊர்ந்து போகவும் காசு கட்டச் சொல்ல முடியாது என்பதுதான் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அக்டோபரில்தான் வசூல் மறுபடி தொடங்கியது, அதுவும் நீதிமன்றம் அனுமதித்த பிறகு.

தமிழ்நாட்டுக்கும் பாடம் இருக்கிறது. தென் மாநிலச் சுங்கச்சாவடிகளை ஆராய்ந்த சிஏஜியின் 2023 அறிக்கை, பரனூர் உள்ளிட்ட 5 சாவடிகளில் விதிக்கு மாறாக சுமார் 132 கோடி ரூபாய் வசூலானதைச் சுட்டிக்காட்டியது. யாரோ கணக்கைத் திறந்து பார்த்ததால்தான் இது வெளியே வந்தது.

நாமும் பார்க்கலாம். ஆணையத்தின் டோல் தகவல் இணையதளத்தில் ஒவ்வொரு சாவடிக்கும் திட்டச் செலவு எவ்வளவு, இதுவரை வசூல் எவ்வளவு என்று பதிவிட இடம் இருக்கிறது. அதே இரண்டு எண்களைச் சாவடியின் கட்டணப் போர்டிலும் பெரிய எழுத்தில், தமிழில் போட வேண்டும் என்று கேட்பது பெரிய புரட்சி இல்லை. 20 கிலோமீட்டர் வட்டத்துக்குப் பதில், மாற்று வழி இல்லாத சாலைகளில் மாவட்டம் முழுவதையும் உள்ளூராகக் கணக்கிட்டு மாத பாஸ் கொடுக்கலாம். வணிக வாகனத்துக்கு மாவட்டப் பதிவைப் பார்க்கும் விதி, காருக்கு மட்டும் ஏன் வட்டம் போட வேண்டும்? இருவழிச் சாலைக்கு, அதுவும் ரோடு கெட்டுப்போன மாதங்களில், கட்டணம் தானாகக் குறைய வேண்டும். ஒவ்வொரு முறையும் யாராவது கோர்ட்டுக்குப் போக வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

குலோத்துங்க சோழனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம் கிடைத்தது. இன்றைக்கு எந்த அமைச்சரும் அந்தப் பட்டத்துக்கு ஆசைப்படப் போவதில்லை. சென்னை - புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலை 2002-ல் கட்டணச் சாலையானபோது அது புதுசாகத் தெரிந்தது. இப்போது பழகிவிட்டது.

அதே கிழக்குக் கடற்கரைச் சாலை நம் மாவட்டத்தில் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் வழியாகவும் போகிறது. நாளைக்கு அது அகலமானால் மீன் வேன்களுக்கு இதே 20 கிலோமீட்டர் கணக்குதான் வரும். சாவடி கட்டி, ஃபாஸ்டேக் மெஷின் வைத்த பிறகு மறியல் செய்தால் என்ன கிடைக்கும் என்பதைத் திருமங்கலத்துக்காரர்கள் கப்பலூரில் வருடக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். பேச்சுவார்த்தையில் கிடைத்த சலுகை விதியில் ஏறாது. நிலம் எடுக்க நோட்டீஸ் வரும்போதே, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் 'சாவடி எங்கே, மாற்று வழி எது, யார் உள்ளூர்?' என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.