விலையும் விரலும்

பாஸ் கித்தார் என்னும் வாத்தியம் பாட்டின் அடித்தளத்தைத் தாங்குவது. கேட்போர் அதனைத் தனியே உணர்வது அரிது. அது நின்றுவிட்டாலோ பாட்டு வெறுமையாகிவிடும். இவ்வாத்தியத்தைச் சிறு பட்டறைகளிலே கையால் இழைத்துப் பல்லாயிரம் டொலருக்கு விற்போர் அமெரிக்காவிலே உளர். நியூயோர்க் நகரின் புரூக்ளினில் 1983 இல் தொடங்கிய ஃபொடெரா பட்டறை அத்தகையது. அத்துணைப் பணம் கொடுத்தல் தகுமா?

முதலில் பணத்தின் பக்கம் நின்று பேசுவோம். நன்கு உலர்ந்த மரம், சீராய் அமைந்த மெட்டுக்கள், தோளை வருத்தாத நிறை, ஐந்தாந் தந்தியின் மிகத் தாழ்ந்த சுரத்திலும் மங்காத தெளிவு ஆகியன பொய்யல்ல. கைவினைஞனின் உழைப்புக்குத் தக்க கூலி கொடுப்பதும் குற்றமன்று. நாள்தோறும் மேடையேறிப் பிழைப்பவனுக்கு அஃது ஆடம்பரமுமன்று.

ஆயினும், 1951 இல் கலிபோர்னியாவிலே லியோ ஃபெண்டர் வெளியிட்ட 'பிரிசிஷன் பாஸ்' எத்தகையது? தொழிற்சாலையிலே பலகையை அறுத்து, கழுத்தைத் திருகாணியாற் பூட்டிய எளிய பொருள். 1962 ஆம் ஆண்டின் அத்தகைய ஒன்றைக் கொண்டே டெட்ரோயிட் நகரின் மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தார். வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். அறுந்தாலன்றித் தந்தி மாற்றார். அவ்வொலி உலகெங்கும் பரவியது. அவர் பெயரோ நெடுங்காலம் இசைத்தட்டுக்களில் இடம்பெறவில்லை. 1983 இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னர் அவ்வாத்தியம் களவு போயிற்று. களவாடியவனுக்கு மரமும் தந்தியும் கிடைத்தன; அந்த விரல் கிடைக்கவில்லை.

வயலினைப் பற்றிய சோதனையொன்றும் நினைவுக்கு வருகிறது. 2010 இல் இண்டியானாபொலிஸ் நகரில், 21 வயலின் கலைஞரிடம், எது எதுவெனக் கண்ணுக்குப் புலப்படாவண்ணம், இரண்டு ஸ்ட்ராடிவேரியும் ஒரு குவார்னேரியும் மூன்று புதிய வயலின்களும் கொடுத்தனர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவேரியே! விலை தெரிந்தவிடத்துக் காதும் அதற்கு இசைந்துவிடுகிறது போலும்.

எனவே, கடன்பட்டாவது பெயர்பெற்ற வாத்தியம் வாங்கத் துடிக்கும் இளைஞருக்கு நாம் கூறுவது இது: நடுத்தர விலையில் ஒன்று வாங்குங்கள். கழுத்தின் வளைவையும் தந்தியின் உயரத்தையும் அறிந்தவரிடம் செப்பஞ் செய்வியுங்கள். மீதிப் பணத்தை நல்லாசிரியருக்குக் கொடுங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை நம்முடையதாக வேண்டாம். வாத்தியம் தரக்கூடிய யாவும் பெற்றபின்னும் கை இன்னும் வேண்டுமென்று கேட்குமாயின், அன்று தயங்காது வாங்கலாம். அப்பொழுது கொடுக்கும் பணம் வீண்போகாது.