மீன்சந்தையும் பூட்டிய சமையலறைகளும்

ஒரு நகரம் நலமாக இருக்கிறதா என்பதை அறிய அதன் கோபுரங்களையும் மாளிகைகளையும் பார்க்க வேண்டியதில்லை. காலையில் அதன் சந்தைக்குச் சென்று, யார் வருகிறார்கள், எதை வாங்குகிறார்கள் என்று கவனித்தாலே போதும். இந்த உரைகல்லில் இத்தாலியின் வெனிஸ் நகரை உரசிப் பார்த்தால் நமக்குக் கவலையே மிஞ்சுகிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளும், அவற்றைப் பிரிக்கும் கால்வாய்களும், நானூறுக்கும் மேற்பட்ட பாலங்களும் சேர்ந்ததே வெனிஸ். 1987இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள பெருங்கால்வாயின் கரையில், ரியால்டோ என்னும் இடத்திற்கு 1097இல் நகரச் சந்தை வந்து சேர்ந்தது. அதிகாலையில் மீனும் மரக்கறியும் படகில் வந்திறங்கும். பக்கத்துத் தீவான சான்ட் எராஸ்மோவில் விளையும் ஊதா நிற ஆர்ட்டிசோக் முதல், கடலேரியில் பிடிபடும் கணவாய், நண்டு வரை எல்லாம் அங்கே கிடைக்கும். இப்போதுள்ள மீன் மண்டபம் 1907இல் கட்டப்பட்டது. எந்த மீனை எந்த நீளத்திற்குக் குறைவாக விற்கக்கூடாது என்று பொறித்த பழைய சலவைக்கல் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. நாளைக்கும் மீன் வேண்டும், நாளைக்கும் இங்கே மனிதர் வாழ்வார்கள் என்று நம்பியவர்களே அப்படி ஒரு சட்டத்தைக் கல்லில் வெட்டியிருக்க முடியும்.

அந்த நம்பிக்கைதான் இன்று ஆட்டங்கண்டிருக்கிறது. 1951இல் வெனிஸின் பழைய நகரில் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், உல்லாசப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதாக அந்நகர மக்கள் அமைப்பொன்று கணக்குக் காட்டியது. பாண் வெதுப்பகமும் இறைச்சிக் கடையும் இருந்த இடங்களில் முகமூடியும் நினைவுப் பொருள்களும் விற்கிறார்கள். மீன் மண்டபத்தில் கடைகள் குறைகின்றன. படம் எடுப்போர் கூடுகின்றனர்.

"வாடகைக்கு விடும் வீட்டிலும் சமையலறை உண்டே, பயணிகள் சந்தையில் வாங்கிச் சமைக்கலாமே" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. சிலர் அப்படிச் செய்வதும் உண்மை. ஆனால் இரண்டு இரவு தங்குபவர் கிழமைக்கு மூன்று முறை மீன் வாங்கமாட்டார். வெங்காயமும் மாவும் சேமித்து வைக்கமாட்டார். மழை பெய்யும் குளிர்கால நாளில் வரவேமாட்டார். சந்தையைத் தாங்குவது வீட்டுச் சமையலறைதான். அடுப்பு எரியும் வீடுகள் குறைந்தால், ஆயிரம் ஆண்டுச் சந்தையானாலும் அது காட்சிப் பொருளாகிவிடும்.

இதற்காக விருந்தினரே வரக்கூடாது என்று சொல்வது பேதைமை. வெனிஸ் விருந்தினரால் வளர்ந்த ஊர். அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் முஸ்லிம் வணிகரிடம் மிளகும் கறுவாவும் வாங்கி, அவற்றை ஐரோப்பாவுக்கு விற்றே அது செல்வம் சேர்த்தது. வெளியூர் வணிகர் தங்கவும் பொருள்களை வைக்கவும் அங்கே தனி மனைகள் இருந்தன. அவற்றை 'பொந்தாக்கோ' என்பர். 'புந்துக்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ரியால்டோப் பாலத்தருகே ஜெர்மன் வணிகருக்கு ஒரு மனை; கீழே சரக்கு, மேலே தங்கும் அறைகள். உஸ்மானிய வணிகருக்கு 1621 முதல் இன்னொரு மனை. குளிப்பதற்கும் தொழுவதற்கும் அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. அக்கால வெனிஸ் விருந்தினருக்கு மதிப்பான இடம் கொடுத்தது. குடியிருப்போரின் வீட்டைப் பறித்துக் கொடுக்கவில்லை. இன்று ஜெர்மன் வணிகரின் அந்த மனைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2016இல் அது ஆடம்பரக் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது; 2025இல் அதுவும் மூடப்பட்டது. பயணிகளை மட்டும் நம்பிய வியாபாரம் பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. அண்டை வீட்டாரை நம்பிய சந்தை ஒன்பது நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது.

நகராட்சி 2024இல் பகல்நேரப் பயணிகளிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. இரவு தங்குவோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே வீடுகள் விடுதிகளாக மாறுவதை இக்கட்டணம் தடுக்காது. நோய் ஓரிடம், மருந்து வேறிடம். ஆம்ஸ்டர்டாம் 2019 முதல் ஒரு வீட்டை ஆண்டுக்கு 30 இரவுகளுக்கு மேல் பயணிகளுக்கு விடக்கூடாதென வரையறுத்தது. பார்சலோனா 2028க்குள் சுற்றுலா வீடுகளுக்கான அனுமதிகளை நிறுத்தப்போவதாக 2024இல் அறிவித்தது. இத்தகைய வரம்புக்கு வழிவிடும் சட்டம் வெனிஸுக்கு 2022இலேயே கிடைத்துவிட்டது. அதை அது தயக்கமின்றிப் பயன்படுத்த வேண்டும்.

அதே வேளை, எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நீதியல்ல. தான் வாழும் வீட்டில் ஓர் அறையை விட்டு, அந்த வருமானத்தில் கூரையைத் திருத்தும் முதிய பெண் ஒருவரும், பத்து வீடுகளை வாங்கிப் பூட்டி வைத்து இணையத்தளம் வழியாக விடும் முதலீட்டாளரும் ஒன்றல்லர். முன்னவர் நகரில் வாழ்வதற்காக விடுகிறார். பின்னவர் வாழ்பவரை வெளியேற்றி விடுகிறார். சட்டம் இந்த வேறுபாட்டைக் காண வேண்டும்.

இது எங்கோ தொலைவில் நடக்கும் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நமது காலிக் கோட்டையும் உலக மரபுரிமைச் சின்னம்தான். அங்கும் தலைமுறைகள் வாழ்ந்த வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன. விலை கேட்டு ஒருவர் வாசலுக்கு வரும்போது, விற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் அங்கேயே வாழ்வதற்கு அரசும் அயலவரும் என்ன உதவி செய்தோம் என்றும் கேட்க வேண்டும்.

விடுமுறைக்குக் குடும்பத்துடன் எந்த ஊருக்குச் சென்றாலும் பெற்றோர் இரண்டு விடயங்களைக் கவனிக்கலாம்: தங்கும் இடம் ஒழுங்காகப் பதிவு பெற்றதா? அவ்வூரார் வாங்கும் கடையில் நாமும் எதையாவது வாங்கினோமா? மாணவிகளே, உங்களில் சிலர் நாளை சுற்றுலாத்துறைக்கோ நகர்த் திட்டமிடலுக்கோ செல்வீர்கள். எத்தனை பேர் வந்து போனார்கள் என்ற கணக்கு உங்கள் மேசைக்குத் தானாகவே வரும். எத்தனை பேர் அங்கேயே இருந்து உலை வைக்கிறார்கள் என்ற கணக்கை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.