ஓய்வூதியம் உயரும்போது சிறப்பு உணவுப்படி என்னவாகும்?

ஒன்ராறியோவில் மாற்றுத்திறனாளிகள் ஆதரவுத் திட்டத்தில் (ஓ.டி.எஸ்.பி.) உதவி பெறும் பலருக்குக் கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமை ஓய்வூதியமும் கிடைக்கிறது. அது விலைவாசிக்கேற்ப ஒவ்வொரு ஜனவரியிலும் உயர்கிறது. உயர்ந்த தொகை முழுவதும் மாகாண உதவியிலிருந்து கழிக்கப்படுவதால், உங்கள் கையில் சேரும் மொத்தம் மாறுவதில்லை.

நீரிழிவு போன்ற நோய்களுக்கு, மருத்துவர் நிரப்பும் படிவத்தின் பேரில் வழங்கப்படும் சிறப்பு உணவுப்படியை இவ்வுயர்வு நேரடியாகத் தொடுவதில்லை. ஒருவருக்கு மாதம் 250 டொலரே அதன் உச்சம். அடிப்படைத் தொகை, வீட்டுச் செலவு, உணவுப்படி ஆகியவற்றைக் கூட்டி, அக்கூட்டுத்தொகையிலிருந்தே வருமானத்தைக் கழிக்கின்றனர். எனவே உணவுப்படி கணக்கில் உள்ளவரை உங்கள் தகுதி வரம்பும் அந்த அளவு உயர்ந்து நிற்கும். படிவம் காலாவதியானால் வரம்பு தாழும். அப்போது ஓய்வூதியத்தின் சிறு உயர்வுகூட உங்களைத் திட்டத்திலிருந்து வெளியேற்றிவிடக்கூடும். உணவுப்படியுடன் மருந்துச் செலவு உதவியும் நின்றுபோகலாம். (தனியே விண்ணப்பித்தால், சிலருக்கு மருந்து உதவி மட்டும் தொடரும்.)

அடிப்படைத் தொகை 2023 முதல் ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படுகிறது. உணவுப்படியின் உச்சவரம்பு அவ்வாறு உயர்வதில்லை. காய்கறி விலை ஏறும்போது நோயாளியின் உணவுக்கான தொகை மட்டும் அசையாதிருப்பது, மருத்துவர் என்ற முறையில் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

புதுப்பிக்குமாறு கடிதம் வந்தால் தாமதியாமல் படிவத்தை மருத்துவரிடமோ பதிவுபெற்ற உணவியல் நிபுணரிடமோ கொடுத்து நிரப்பிப் பெறுங்கள்.