மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் நாற்காலி போடுங்கள்



2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு நம் ஜனங்களுக்கு விடியற்காலை மாரிக்குப்பம் ரயில்தான் கதி. அந்த ரயிலில் பெங்களூர் கார்மெண்ட் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி, எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறவர். எந்த லைன் வீடு என்று எழுதமாட்டேன். மருந்து வாங்கும் நாளெல்லாம் அவருக்குக் கூலி போகிறது. "மருந்து இலவசம்தான் அண்ணா. லீவு கேட்டால் காரணம் கேட்கிறார்களே, அதற்கு என்ன சொல்ல? ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் ஆகாதா?" என்றார். இதுவரை எந்த அதிகாரியும் அவரிடம் யோசனை கேட்டதில்லை.

சுரங்கத்தில் பாறை முறியும் சத்தத்தை முதலில் கேட்டவன் யார்? கீழே நின்ற தொழிலாளி அல்லவா! அதனால்தானே சுரங்க விதிகளில் பாதுகாப்புக் கமிட்டி என்று வைத்து, அதில் தொழிலாளிக்கும் இடம் கொடுத்தார்கள்? ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேறு நியாயமா?

1994-இல் பாரிஸில் 42 நாடுகள் கூடி, பாதிக்கப்பட்டவர்களைத் திட்டங்களில் சேர்ப்போம் என்று கையெழுத்திட்டன. இந்தியாவும் அதில் உண்டு. 1998-இல் சென்னையில் கௌசல்யா பெரியசாமியும் மற்ற சகோதரிகளும் பாசிட்டிவ் பெண்களுக்கென்றே சங்கம் கண்டார்கள். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து வந்ததென்றால், அதன் பின்னால் இப்படிப்பட்டவர்களின் குரலும் இருக்கிறது. 2022-இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து, மாத மருந்துக்குப் பதில் சில நாள் மருந்தே கையில் கிடைத்தபோது, டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசலில் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்தவர்கள் நோயாளிகளே. கமிட்டிக்குள் அவர்கள் பேச்சு எடுபட்டிருந்தால் வாசலில் உட்காருவானேன்?

"படிக்காதவர்களுக்கு வைத்தியம் என்ன தெரியும்?" என்பார் சிலர். எந்த மாத்திரை, எத்தனை என்பதை டாக்டரே சொல்லட்டும். எந்த நேரம் கவுண்டர் திறப்பது, பத்துப் பேர் நடுவில் பெயரைக் கூவுவதா வேண்டாமா என்பதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டுமா?

நாம் கேட்பது இதுதான்: ஊர் மருந்து மையத்துக்கு ஆலோசனைக் கமிட்டி வேண்டும். அதில் நோயாளிகள் இரண்டு பேர், ஒருவர் பெண். போட்டோவுக்கு நிற்க அல்ல, ஓட்டுப் போட. ரயில் சார்ஜும் அன்றைய கூலியும் தர வேண்டும். தீர்மானங்கள் தமிழிலும் கன்னடத்திலும் எழுதப்பட வேண்டும்.

நம் சங்கமும் யோக்கியமில்லை. இந்த நோயைப் பற்றி நாம் போட்ட கூட்டத்தில் மேடையில் ஆறு பேர் பேசினோம், நான் உள்பட. பாதிக்கப்பட்டவர் ஒருவரைக்கூட அழைக்கவில்லை. அடுத்த கமிட்டிக்கு அந்தச் சகோதரியைக் கூப்பிட்டிருக்கிறேன். பெயர் வெளியே போகக்கூடாது, கூட்டம் ஞாயிற்றுக்கிழமை இருக்க வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.